ஜுரம் தலைக்கு ஏறினால்...

"ஐயையோ... ஜன்னி கண்டுடுச்சு!"

இந்த வார்த்தையைக் கேட்டால் பதறாத வீடு கிடையாது. ஆனால், எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறார்கள் என்று கொஞ்சம் நிதானமாக விசாரித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் ஜுரத்தின்போது குழந்தைக்குக் கை கால் வெட்டி இழுத்தால் ஜன்னி. அடுத்த வீட்டில் ஜுரத்தோடு தாத்தா சம்பந்தா சம்பந்தமில்லாமல் பேசினால் ஜன்னி. குளிரில் உடம்பு விறைத்துப் போனாலும் ஜன்னிதான். நாலைந்து வியாதிகளை ஒரே சொல்லுக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறோம். அதில் ஒன்று, பெரும்பாலும் சில நிமிஷங்களில் தானாகவே அடங்கிவிடுகிற சமாசாரம். இன்னொன்றில் ஒரு ராத்திரி தாமதித்தாலும், பிழைத்து வருகிற குழந்தை பழைய குழந்தையாக இருக்காது.

எது எது என்று பிரித்துப் பார்க்க வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் முதலில் பார்ப்பவர் நீங்கள்தான், டாக்டர் அல்ல.

சித்த மருத்துவத்தில் சன்னி என்ற சொல்லுக்குத் திட்டவட்டமான பொருள் உண்டு. வளி, அழல், ஐயம் மூன்றும் ஒரே சமயத்தில் நிலைகெட்டுப் போவது சன்னிபாதம். யூகி முனிவர் சுரத்தை 64 வகையாகப் பிரித்தார் என்று பாளையங்கோட்டைக் கல்லூரியில் நாங்கள் உருப்போட்டிருக்கிறோம். அத்தனை சுரங்களிலும் சன்னி என்றால் ஆசிரியர்களின் குரலே மாறிவிடும். பிதற்றல், உறக்கம் கெடுதல், ஆள் அடையாளம் மறத்தல் எல்லாம் சேர்ந்தால் தீர்ப்பது கஷ்டம் என்று முன்னோர் அறிந்திருந்தார்கள். ஆபத்தை அறிந்திருந்தார்கள், கிருமியைக் கொல்லும் மருந்து அவர்கள் கையில் இல்லை. இன்று இருக்கிறது. ஆகையால் சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன். ஜுரத்தோடு புத்தி தடுமாறினால் என்னிடம் வந்து நேரத்தை வீணாக்காதீர்கள். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மேல்நாட்டாரும் இதைக் கவனித்தவர்கள்தான். டைபாய்டு என்ற பெயரே புகை, மந்தம் என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஜுரம் முற்றிய நோயாளி புகைக்குள் இருப்பவர்போல மங்கிக் கிடப்பாராம். பெயர் வைத்தவர் நன்றாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்!

கிருமி மூளையை எப்படித் தொடுகிறது?

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களின் சுவர் மற்ற இடங்களில் இருப்பதுபோல் இல்லை. செல்கள் நெருக்கமாகப் பின்னிக்கொண்டு, வீட்டு ஜன்னலில் கொசுவலை அடித்ததுபோல் ஒரு தடுப்பு இருக்கிறது. ரத்தத்தில் திரியும் எல்லாக் கிருமியும் உள்ளே போய்விட முடியாது.

கிருமி இரண்டு விதமாகத் தொல்லை கொடுக்கும். ஒன்று, கிருமி வெளியிலேயே இருக்கும். சிறுநீர்ப் பையிலோ நுரையீரலிலோ உட்கார்ந்திருக்கும். அதை எதிர்த்து உடம்பு சுரக்கும் ரசாயனங்கள் மூளையின் வேலையைக் குழப்பிவிடும். சாதாரண ஃப்ளூ ஜுரத்தில்கூட சாப்பாடு வேண்டாம், பேச்சு வேண்டாம், படுத்தால் போதும் என்று தோன்றுகிறதே, அது இந்தக் குழப்பத்தின் சின்ன வடிவம். இன்னொன்று, கிருமியே வலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடுவது. மூளையின் உறையைத் தாக்கினால் மூளை உறை அழற்சி. மூளைத் திசுவையே தாக்கினால் மூளை அழற்சி. ஜனங்கள் இரண்டையும் ‘மூளைக் காய்ச்சல்’ என்கிறார்கள்.

உள்ளே போய்விட்டால் ஏன் அவ்வளவு அவசரம்? கால் வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். மூளை வீங்கினால் மண்டை ஓடு இடம் கொடுக்காது. நசுங்குவது மூளைதான். கைக்குழந்தைக்கு மட்டும் உச்சிக்குழி திறந்திருப்பதால் அது மேலே புடைத்துக்கொள்ளும். அழாமல் சும்மா இருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்திருந்தால் உடனே காட்டுங்கள். பெரியவர்களுக்கு வருகிற கழுத்து விறைப்பு கைக்குழந்தைக்கு வராமலே இருக்கலாம்.

குழந்தைக்கு இழுப்பு வந்தால்...

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை சில குழந்தைகளுக்கு ஜுரம் ஏறும்போது இழுப்பு வரும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். கண் செருகும், வாயில் நுரை தள்ளும். பெரும்பாலும் ஐந்து நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். கொஞ்ச நேரம் அசந்து தூங்கிவிட்டு எழுந்து அம்மாவைத் தேடும். இந்தச் சாதாரண ஜுர இழுப்பால் அறிவு மங்குவதில்லை, படிப்பு கெடுவதில்லை.

கெடுதல் வருவது நாம் செய்யும் அமர்க்களத்தால்தான். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது, பல்லுக்கிடையில் ஸ்பூனை விடுவது, இஞ்சிச் சாறு புகட்டுவது, மூக்கில் ஏதாவது சொட்டு விடுவது! நினைவில்லாத குழந்தை விழுங்காது, சாறு நேரே நுரையீரலுக்குப் போகும். வயிற்றில் சூடு போடுகிற வழக்கத்தை இன்னமும் சில ஊர்களில் பார்க்கிறேன். இது எந்தச் சித்தரின் பெயரால் நடந்தாலும் கொடுமைதான்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதுவும் வைக்க வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். அடங்கிய பிறகும் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை பழையபடி தெளியவில்லை, அன்றைக்கே மறுபடி இழுத்தது, வயது ஆறு மாதத்துக்குக் கீழே அல்லது ஐந்துக்கு மேலே... இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அதைச் சாதாரண இழுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் தடவை வந்தால், அடங்கிவிட்டாலும்கூட டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

‘செவ்வாய்க்கிழமையிலேர்ந்து மறதி!’

எழுபது வயதைத் தாண்டிய மாமியாரை அழைத்துக்கொண்டு ஒரு மருமகள் என் கிளினிக்குக்கு வந்தார். "அத்தைக்கு ஞாபக மறதி வந்துடுச்சு டாக்டர். வல்லாரை லேகியம் குடுங்க."

"எத்தனை நாளா?"

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்து. அதுக்கு முன்னாடி பால் கணக்கு, பேப்பர் கணக்கு எல்லாம் அவங்கதான் பார்ப்பாங்க."

மறதி நோய்க்குக் கிழமை கிடையாது அம்மா! அல்சைமர் போன்ற வியாதிகள் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெள்ள மெள்ள வருபவை. ‘இந்த நாளில் ஆரம்பித்தது’ என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தால், உடம்பில் வேறு எங்கோ கோளாறு. அந்த அம்மாவுக்கு நாடி வேகமாக இருந்தது, நாக்கு வறண்டிருந்தது. தொட்டால் பெரிய சூடு இல்லை. ராத்திரி அடிக்கடி எழுந்து போகிறார், அடிவயிறு வலிக்கிறது என்கிறார் என்று மருமகள் பிறகுதான் சொன்னார். லேகியம் கொடுக்கவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சிறுநீரில் கிருமித் தொற்று, ரத்தத்திலும் பரவ ஆரம்பித்திருந்தது. இரண்டு வாரத்தில் பால் கணக்கு மறுபடி அவர் கைக்கு வந்துவிட்டது.

வயதானவர்களுக்குக் கிருமித் தொற்றில் ஜுரமே அடிக்காமல் இருக்கலாம். முதல் அடையாளமே புத்தித் தடுமாற்றமாக இருக்கும். நுரையீரல் சளி, சிறுநீர்த் தொற்று, காலில் ஆறாத புண்... எதிலிருந்து வேண்டுமானாலும் வரலாம். தொற்று இல்லாமலும் வரலாம். ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும், சர்க்கரை தாழ்ந்தாலும், பக்கவாதத்தின் ஆரம்பத்திலும் இதே தோற்றம்தான். கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. ‘திடீர் மாற்றம்’ என்று கவனித்துச் சொல்வது உங்கள் வேலை.

இதில் ஒரு ஏமாற்று வித்தையும் உண்டு. எல்லாரும் உளறிக் கூச்சல் போடுவதில்லை. பாதிப் பேர் அடங்கிப் போய்விடுவார்கள். "ரெண்டு நாளா தொந்தரவே இல்ல, சமத்தா தூங்கறாங்க" என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். கூச்சல் போடுகிறவரையாவது யாராவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். எனக்குக் கவலை இந்தச் ‘சமத்து’களைப் பற்றித்தான். தட்டி எழுப்பி, என்ன கிழமை, எங்கே இருக்கிறோம், வருஷத்தின் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். நேற்று வரை சொன்னவர் இன்று பாதியில் தொலைந்து போனால் கிளம்ப வேண்டியதுதான்.

சிகிச்சை நடக்கும் நாட்களில் அவரிடம் வாதம் செய்யாதீர்கள். மூக்குக் கண்ணாடி, காது மிஷின் கையருகே இருக்கட்டும். பகலில் வெளிச்சம், கண்ணில் படுகிற இடத்தில் கடிகாரம், பக்கத்தில் தெரிந்த முகம். தூங்கவில்லையே என்று பழைய தூக்க மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் தடுமாற்றம் கூடும். சிலருக்குத் தெளிவு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். சிலருக்கு முழுசாகத் திரும்புவதில்லை. இப்படித் தடுமாறி எழுந்தவர்களுக்குப் பின்னால் மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அவ்வளவு தூரம் போகவிடாமல் தொற்றைச் சீக்கிரம் பிடிப்பது நல்லது.

உள்ளே நுழைந்துவிடும் கிருமிகள்

ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயரில்தான் ஜப்பான். இந்தியாவில் மனிதர்களிடம் இது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955-ல், நம் வேலூர்ப் பக்கத்தில்! வைரஸ் பன்றிகளிடமும் கொக்கு, நாரை போன்ற நீர்ப் பறவைகளிடமும் பெருகுகிறது. வயல் தண்ணீரில் வளரும் க்யூலெக்ஸ் கொசு அந்தியிலும் இரவிலும் கடித்து மனிதனுக்குக் கொண்டுவருகிறது. ஒரு மனிதனிடமிருந்து இன்னொருவருக்கு இது ஒட்டுவதில்லை. ஆகவே வியாதி வந்த குழந்தையின் வீட்டை அக்கம்பக்கத்தார் ஒதுக்கி வைப்பதில் அர்த்தமே இல்லை.

வைரஸ் உடம்பில் புகுந்த சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் வியாதியாக வெளிப்படும். ஆனால் மூளை அழற்சியாக வந்துவிட்டால் நூற்றில் 30 பேர் வரை இறக்கக்கூடும். பிழைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு குறை தங்கிவிடும். நடுக்கம், உணர்ச்சி காட்டாத முகம், கட்டுக்கடங்காத கோபம், படித்தது மனதில் நிற்காமை. இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை, தடுப்பூசிதான் கதி. 2006-லிருந்து பாதிப்புள்ள மாவட்டங்களில் அரசே போடுகிறது. ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, 16-லிருந்து 24 மாதத்துக்குள் இன்னொன்று. உங்கள் மாவட்டம் அதில் உண்டா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இதில் நாடு முழுவதும் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று இருக்கிறது. 2005-ல் உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூர் வட்டாரத்தில் மூளைக் காய்ச்சலால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். தடுப்பூசி போட ஆரம்பித்ததும் ஜப்பானியக் காய்ச்சல் குறைந்தது. ஆனாலும் மழைக்காலம் வந்தால் குழந்தைகள் நினைவிழந்து வந்துகொண்டேதான் இருந்தார்கள். என்னவென்று துருவிப் பார்த்ததில் அவர்களில் பெரும் பகுதிக்கு ஸ்க்ரப் டைஃபஸ் என்று தெரியவந்தது! நம் பத்திரிகைகளில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுகிறார்களே, அதேதான். புதர், புல்தரையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. இதற்கு மருந்து உண்டு. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்று எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற, விலை மலிந்த மருந்துகள். முதல் சில நாட்களிலேயே கொடுத்துவிட்டால் மூளை வரை போகவிடாமல் தடுக்கலாம்.

தமிழ்நாட்டிலும் இந்த ஜுரம் நிறைய. மழைக்காலத்திலிருந்து குளிர்காலம் முடியும் வரை ஜாஸ்தி. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கும். எல்லாருக்கும் இருப்பதில்லை. இருந்தாலும் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பில் துணி கட்டும் இடம் என்று ஒளிந்திருக்கும். டாக்டரிடம் கூச்சப்பட்டுக் காட்டாமல் விட்டுவிடுவார்கள். ஜுரம் ஐந்து நாளைத் தாண்டினால் வீட்டிலேயே ஒருவர் தலை முதல் கால் வரை பார்த்துவிடுங்கள். பார்த்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

இவையெல்லாம் வேகமாக வருகிறவை. மெதுவாக வந்து ஏமாற்றுவது காசநோய். மூளை உறையில் காசநோய் வந்த குழந்தை முதல் இரண்டு மூன்று வாரம் வெறுமனே மந்தமாக இருக்கும். சாயங்காலம் லேசான சூடு, பசியில்லை, தொட்டதற்கெல்லாம் சிணுங்கல், தலைவலி. ‘ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கிறான்’ என்று அடிகூட விழும். பிறகு வாந்தி, மாறுகண், மயக்கம் என்று இறங்கும்போது பாதி மூளை சேதமாகியிருக்கும். வீட்டில் இருமுகிற தாத்தா, மாடி போர்ஷன்காரர், யாருக்காவது காசநோய் உண்டா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தால் அந்த மந்தத்தைச் சோம்பல் என்று எண்ண வேண்டாம்.

பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசியைச் சிலர் குறைத்துப் பேசுகிறார்கள். 1968-ல் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கானவர்களை வைத்துத் தொடங்கிய பெரிய ஆராய்ச்சியில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது வாஸ்தவம். ஆனால் குழந்தைகளுக்கு வரும் மூளை உறைக் காசநோய்க்கு அது நல்ல காவல். தவறாமல் போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உதட்டு ஓரத்தில் கொப்புளமாக வந்து போகும் ஹெர்பிஸ் வைரஸ், அபூர்வமாகச் சிலருக்கு மூளையில் நினைவும் உணர்ச்சியும் குடியிருக்கும் பகுதியைத் தாக்கும். இரண்டு நாள் ஜுரம், அப்புறம் திடீரென்று ஆள் மாறிவிடுவார். இல்லாத வாசனை வீசுகிறது என்பார், அம்மாவைப் பார்த்து யார் என்பார், கெட்ட வார்த்தை பேசுவார். ‘காத்து கருப்பு’ என்று மந்திரிக்கக் கூட்டிப் போவது பெரும்பாலும் இவர்களைத்தான். அசைக்ளோவிர் என்ற மருந்தைச் சீக்கிரம் நரம்பில் ஏற்றினால் பிழைக்க வைக்கலாம். தாமதித்தால் உயிர் தப்பினாலும் ஞாபகம் போய்விடும். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆம்புலன்ஸில் உட்கார்ந்துகொண்டு வேண்டிக்கொள்ளுங்கள்!

முதுகில் ஊசி... பயம் வேண்டாம்

ஆஸ்பத்திரிக்குப் போனதும், "முதுகிலேர்ந்து நீர் எடுக்கணும், கையெழுத்துப் போடுங்க" என்பார்கள். அங்கேதான் நம்மவர்கள் பின்வாங்குவார்கள். ‘தண்டுவடத்தில் குத்தினால் கால் விழுந்துடும்’, ‘மூளை நீரை எடுத்தால் மூளை வத்திடும்’. கையெழுத்துப் போடாமல் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு போன குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

தண்டுவடம் இடுப்பு எலும்பு வரிசையின் முதல், இரண்டாவது கணு அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே. அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான் இருக்கும். பெரியவர் உடம்பில் இந்த நீர் சுமார் 150 மில்லி இருக்கிறது. தினமும் ஏறக்குறைய 500 மில்லி புதிதாக ஊறிக்கொண்டே இருக்கிறது. பரிசோதனைக்கு எடுப்பது சில மில்லிதான். இரண்டொரு நாள் தலைவலி வரலாம். மூளையில் வீக்கம் ஜாஸ்தி என்று சந்தேகப்பட்டால் டாக்டர்களே முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊசி போடுவார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்து என்பதற்கு அந்த நாலு சொட்டு நீர்தான் சாட்சி. கையெழுத்துப் போடுங்கள்.

பிழைத்து வந்த பிறகு

ஜுரம் இறங்கியது, டிஸ்சார்ஜ் ஆயிற்று, எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் வீட்டுக்காரர்களின் வேலை அப்போதுதான் ஆரம்பம்.

முதலில் காது. பாக்டீரியாவால் மூளை உறை அழற்சி வந்த குழந்தைகளில் சிலருக்குக் கேட்கும் சக்தி போய்விடும். குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியாது. வகுப்பில் கூப்பிட்டால் திரும்பாது, டிக்டேஷனில் தப்புத் தப்பாக எழுதும். ‘ஜுரத்துக்கப்புறம் மண்டு ஆயிட்டான்’ என்று முத்திரை குத்திவிடுவார்கள். டிஸ்சார்ஜ் ஆன ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை செய்துவிடுங்கள்.

அப்புறம் படிப்பு. மூன்று நான்கு மாதம் வேகம் குறைந்துதான் இருக்கும். வகுப்பாசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, முன் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் தொடர்ச்சியாகப் படிக்க வைக்காமல் கால் மணி, கால் மணியாகப் பிரித்துக் கொடுங்கள். குறை நிரந்தரம் என்றால் சான்றிதழ் பெற்றுத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்க வழி இருக்கிறது. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கோபம்தான் பெற்றோரை அதிகம் நோகடிக்கும். சாதுவாக இருந்த பிள்ளை தட்டைத் தூக்கி எறியும். அது வளர்ப்பின் குறையல்ல, மூளையில் பட்ட காயம். அடித்தால் கூடும். மனநல மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

இந்தக் கட்டத்தில் எங்கள் வைத்தியத்துக்கும் இடம் உண்டு. விறைத்த கை கால்களுக்குத் தொக்கணம், தைலம் ஆகியவற்றை பிசியோதெரபியோடு சேர்த்துச் செய்வோம். வல்லாரை, நீர்ப்பிரமி கொடுப்போம். வல்லாரையைத் துவையலாகவே சாப்பிடலாம். ஆனால் செத்துப்போன மூளைச் செல்லை வல்லாரை முளைக்க வைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிலவேம்புக் குடிநீரும் அப்படித்தான், புத்தி தெளிவாக இருக்கிற ஜுரத்தோடு அதன் எல்லை முடிந்தது. லேபிள் இல்லாத செந்தூரம், பஸ்பப் பொட்டலங்களை, கொடுப்பவர் எவ்வளவு பெரியவரானாலும், வாங்காதீர்கள். சுத்தி சரியில்லாத ரசமும் ஈயமும் அடிபட்ட மூளையை இன்னும் கெடுக்கும்.

வலிப்பு மாத்திரையோடு வருகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திட்டு உங்க மருந்துக்கு வந்துடலாமா சார்?" கூடாது. திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து, தப்பித்த மூளையும் போகலாம். காசநோய் மாத்திரையும் அதேபோல. மூளை உறைக் காசநோய்க்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் வரை சாப்பிட வேண்டியிருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். எந்த மாத்திரையையும் எழுதிக் கொடுத்தவரே குறைக்கட்டும். என்னிடம் வரும்போது அந்தச் சீட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு எடுத்து வாருங்கள். அதைப் பார்க்காமல் நான் மருந்து கொடுப்பதில்லை.